காடைக் கூட்டத்துச் சாவி

எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண்ணைச் செப்டம்பர் மாத வெயிலில், லிவர்மோரில், ஓர் ஒயின் கொட்டகைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தவர் வெங்கடகிருஷ்ணன். என் மேலதிகாரி. மயிலாப்பூர்க்காரர், வெங்காயம்கூடச் சேர்க்காதவர். ஆகையால் இந்தக் கதையில் எனக்கு ஏறிய கிறக்கத்துக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

அது 1998. பிளசன்டனில் எங்களுடையது ஒரு சின்ன கம்பெனி. ஊரார் எழுதிப் போட்டுவிட்டுப் போன ப்ரோக்ராம்களைப் பழுது பார்த்து ஒக்கிட்டுக் கொடுப்பது தொழில். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நான் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் டிபக்கர் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் புகுந்து, என்னென்ன மாட்யூல்கள், அதாவது தனித்தனித் துண்டுகள், ஏறியிருக்கின்றன, எந்த முகவரியில் எந்தப் பெயர் குடியிருக்கிறது என்று துழாவுவதில் ஒரு திருட்டுச் சந்தோஷம். கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமலே சமையற்கட்டுக்குள் நுழைந்து மூடியைத் திறந்து பார்ப்பது மாதிரி. வான்மதிக்கு மூக்கு நீளம் என்று அம்மா சொல்லுவாள். அந்த மூக்குக்கு அமெரிக்காவில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் ஃபோனில் பதில் சொல்லுவேன்.

அன்றைக்கு மத்தியானம் தயிர்சாத டப்பாவைப் பாதியில் மூடச் சொல்லி வெங்கட் சார் என்னைக் காரில் ஏற்றினார். ஃப்ரீவேயில் போகும்போதே விஷயத்தைச் சொன்னார். கார்லா என்று ஒருவர். தாத்தா காலத்திலிருந்து திராட்சை பயிரிட்டு மற்றவர்களுக்கு விற்கும் குடும்பம். இந்த வருஷம்தான் முதல்முறையாகத் தன் பெயர் போட்டுத் தானே ஒயின் போடுகிறார். தோட்டத்தின் நல்ல பழமெல்லாம் ஒரே பெரிய தொட்டியில் புளித்துக்கொண்டிருக்கிறது. புளிக்கிற திராட்சை தானாகவே சூடேறும். தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடினால்தான் சூடு அடங்கும். அந்தக் குழாயைத் திறப்பதும் சாத்துவதும் ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமின் வேலை. அது காலையிலிருந்து அசையாமல் நிற்கிறது. பெரிய தொட்டியின் குழாய் மூடியபடியே நின்றுவிட்டது. சூடு ஏறிக்கொண்டே போகிறது. இப்படியே ஏறினால் புளிக்க வைக்கிற ஈஸ்ட் செத்துவிடும், பிறகு தொட்டியில் இருப்பது ஒயினும் ஆகாது, சாறும் ஆகாது.

நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் என்ன என்று கேட்டேன். அதுதான் முடியாதாம். நிறுத்தினால் எல்லாத் தொட்டிகளின் குழாய்களும் தாமாக மூடிக்கொள்ளும். மறுபடி கிளப்புவதற்கு ஒரு ஃபிளாப்பி கேட்கும். அந்த ஃபிளாப்பியை வைத்திருந்த ஃப்ரீமான்ட் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதன் பழைய முதலாளியின் ஆன்சரிங் மெஷினில் கார்லா காலையிலிருந்து செய்தி மேல் செய்தியாக விட்டுக்கொண்டிருக்கிறார். கையால் திருப்பும் பழைய சக்கரத்தையோ, கம்ப்யூட்டர் வந்த பெருமையில் அவருடைய அப்பா கழற்றி எறிந்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வெங்கட் சார் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டார். கார்லாவுக்காக ஏப்ரலில் அவரே ஒரு குட்டி மாட்யூல் எழுதி அந்த ப்ரோக்ராமோடு கோத்துக் கொடுத்திருந்தார். சூடு அதிகமானால் கார்லாவின் பேஜருக்குச் செய்தி போகும். வீகேபேஜர் என்று தன் எழுத்துகளையே அதற்குப் பெயராகவும் வைத்திருந்தார். ஏப்ரலிலிருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது என்றார். ஏப்ரலில் கொடியில் பூகூடப் பூத்திருக்காதே என்று எனக்குத் தோன்றியது. மேலதிகாரியிடம் அதையெல்லாம் காரில் வைத்துச் சொல்லக் கூடாது.

கொட்டகைக்குள் காலை வைத்ததும் வாசனை வந்து முகத்தில் மோதியது. பழுத்த வாழைப்பழம், இட்லி மாவு, அப்பாவின் பழைய சவரத் திரவம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறின மாதிரி. பெரிய பெரிய காற்றாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அந்த வாசனை மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வெங்கட் சார் உடனே கைக்குட்டையை மடித்து முகத்தில் கட்டிக்கொண்டார். கார்லா ஏணி உச்சியில் நின்று தொட்டியின் மேல் பை பையாக ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சிரிக்கத்தான் முயன்றார், முடியவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தது கொட்டகையை ஒட்டிய ஒரு தடுப்பறையில். அதற்குக் கதவு கிடையாது. மேஜைக்குப் பக்கத்தில் புதிதாக அச்சடித்து வந்த லேபிள்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் கார்லாவின் பெயர். வாசனைக்கு நடுவில் அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரப் பார்த்தது. அடுத்த நொடியே காரணம் இல்லாமல் சிரிப்பும் வந்தது. சரிதான், வாசனை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடுகிற ப்ரோக்ராமில் டிபக்கரை ஒட்ட வைப்பதற்கு முன்னால் வெங்கட் சாரை ஒருமுறை பார்த்தேன். அந்தக் காலத்து விண்டோஸில் ஒரு விசேஷம் உண்டு. ஒட்டுவது சுலபம், பிரிப்பதுதான் முடியாது. டிபக்கரை மூடினால் அது பிடித்துக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமும் கூடவே செத்துவிடும். புலி வாலைப் பிடித்த கதை. அவர் கைக்குட்டைக்கு மேலே கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தலையாட்டினார். பிடித்துவிட்டேன்.

மாட்யூல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. முதலில் விண்டோஸின் வழக்கமான சாமான்கள். அவற்றுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஆந்தை. அதற்கடுத்து காடை. பண்ணை. தூரன். கடைசியில் வீகேபேஜர்.

வெங்கட் சார் குனிந்து பார்த்தார். "காடைன்னா க்வெயில், ஆந்தைன்னா அவ்ல். எவனோ பேர்ட் வாட்ச்சர் எழுதியிருக்கான்னு ஏப்ரல்லயே நெனச்சேன். தமிழ்ப் பையன்னு தெரியறது."

எனக்கு நாற்காலி இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. "பறவை இல்லீங்க சார். நாலுமே கூட்டமுங்க."

கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம். கொங்கு நாட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எந்தக் கூட்டம் என்று கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, பேச்சு அத்தோடு முடிந்தது. நான் காடைக் கூட்டம். ஈரோட்டில் எங்களுக்குத் தூரத்திலும் சொந்தமில்லாத காடைக் கூட்டத்துப் பையன் ஒருவனை நான் பார்க்க நேர்ந்தாலும் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும், அவன் எவ்வளவு அழகாக இருந்தாலும். இதை வெங்கட் சாருக்கு விளக்கினேன். கோத்திரம் மாதிரியா என்று ஒரே கேள்வியில் பிடித்துக்கொண்டார்.

காடையைத் திறந்து உள்ளே இருந்த பெயர்களைத் தேடினேன். எழுதினவர் பெயர்களை மறைக்கவில்லை, எல்லாம் வெளியிலேயே தொங்கின. நாகமணிபாரு. கிட்டுசாமிதிற. வேலுமணிசாத்து. வள்ளிகூப்பிடு.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாகமணியின் வேலை சூட்டைப் பார்ப்பது. கிட்டுசாமி குழாயைத் திறப்பவர். வேலுமணி சாத்துகிறவர். சூடு எல்லையைத் தொட்டால் வெளியாளைக் கூப்பிடுவது வள்ளி. கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் நடுக்கூடத்தில் நின்று நீ பந்தியைப் பாரு, நீ பந்தலைப் பாரு என்று ஏவுகிற மாதிரியே இருந்தது. லிவர்மோரில், காயைப் பழமாக்கும் வெயிலில், ஒரு கார்லாவின் ஒயின் தொட்டியை எங்கள் ஊர்ச் சனங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ரோக்ராமின் முகப்பில் எழுதினவர் பெயர் எஸ். மணி என்று இருந்தது. கார்லா அந்த மணியைப் பார்த்ததில்லையாம், ஃப்ரீமான்ட் முதலாளிதான் வந்து பொருத்திவிட்டுப் போனாராம். அது போதும் எனக்கு. வாசனை வேறு உச்சந்தலையில் உட்கார்ந்திருந்ததா, மணி என்கிறவன் முழு உருவத்தோடு என் முன்னால் வந்து நின்றான். ஈரோட்டுப் பக்கத்து நிறம். மீசை உண்டு, ஆனால் அளவாக. ப்ரோக்ராமில் சித்தப்பன் பெரியப்பன் பெயரையெல்லாம் வைக்கிறவன் நிச்சயம் நல்ல குணம். கொஞ்சம் குறும்பு. இப்படிப்பட்டவன் இருக்க, அம்மா எனக்குச் சேலத்திலிருந்து அனுப்புகிற ஃபோட்டோக்கள் எல்லாம் எதற்கு?

அடுத்த கணம் ஒரு சந்தேகம். அவன் காடையாக இருந்துவிட்டால்? அவசரமாக எந்த மாட்யூல் முதலில் ஓட ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். ஆந்தை. எழுதுகிறவன் தன்னைத்தானே முதலில் வைப்பான், அதுதானே மனித சுபாவம். அப்படியானால் ஆந்தைக் கூட்டம். ஆந்தைக்கும் காடைக்கும் கொடுக்கல் வாங்கல் தாராளமாக உண்டு. தொட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் டிபக்கரில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெங்கட் சார் இருமினார். கைக்குட்டை இருந்தும் அவருக்கும் ஏறத் தொடங்கியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் இருமி முடித்ததும் கிளுகிளு என்று சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. "இந்த மணி ஒரு லூசும்மா. நான் ஏப்ரல்லயே பாத்தேன். காடைக்குள்ளயே நாகமணி இருக்கா, கிட்டுசாமி இருக்கான். நேரா கூப்பிடலாமோன்னோ? மாட்டான். நாகமணி பண்ணைக்கு போய் சொல்லணும், பண்ணைலேர்ந்து ஒருத்தன் வந்து கிட்டுசாமியைக் கூப்பிடணும். பக்கத்து ரூமுக்கு ஊரைச் சுத்திண்டு போறான்."

அவர் சொன்னதைக் கேட்டதும் என் கிறக்கம் பாதி இறங்கியது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். உண்மைதான். காடைக்குள் இருக்கும் யாரும் காடைக்குள் இருக்கும் இன்னொருவரைக் கூப்பிடவேயில்லை. ஆந்தையிலும் அப்படியே, தூரனிலும் அப்படியே. எல்லாம் வெளிச் சம்பந்தம். மணி லூசு இல்லை. ஒரே கூட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பதை அப்படியே ப்ரோக்ராமில் சட்டமாக வைத்திருந்தான்.

ஏன் வைத்தான் என்பது அடுத்த பெயரில் இருந்தது. காடைசாவி.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரே ஒரு சாவி. ஒரே குழாயை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே வருகிறவர் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்து போகும்போது திரும்ப மாட்டிவிட்டுப் போக வேண்டும். அதுவரை அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். இப்போது காடைக்குள் சாவியோடு இருக்கிற ஒருவரே காடையின் இன்னொருவரைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? வருகிறவர் சாவிக்காக வாசலில் நிற்பார். சாவி உள்ளே இருப்பவர் கையில். உள்ளே இருப்பவரோ வருகிறவர் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அவர் வராமல் இவர் விட மாட்டார், இவர் விடாமல் அவர் வர முடியாது. யுகம் முடிந்தாலும் அப்படியே நிற்பார்கள்.

ப்ரோக்ராம் எங்கே நின்றிருக்கிறது என்று பார்த்தேன். வெறும் எண்கள்தான் வந்தன. ஒவ்வொரு எண்ணும் எந்த மாட்யூலின் எல்லைக்குள் விழுகிறது, அதற்குச் சற்று முன்னால் இருக்கிற பெயர் எது என்று பிடித்துப் பிடித்து எழுதினேன். மேலே நாகமணிபாரு, சாவிக்காக வாசலில் நிற்கிறாள். அவளைக் கூப்பிட்டது யார் என்று கீழே பார்த்தால் வீகேபேஜர். அந்த வீகேபேஜரைக் கூப்பிட்டது அதற்கும் கீழே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த வள்ளிகூப்பிடு.

வள்ளி காடை. நாகமணியும் காடை.

திரும்பி வெங்கட் சாரைப் பார்த்தேன். கல்லூரியில் அவர் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவரிடம் எப்படிச் சொல்வது? வாசனைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"சார், நீங்க நடுவுல நின்னு தரகு பண்ணி, ஒரே கூட்டத்துல முடிச்சு வச்சுப்போட்டீங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். சூடு எல்லையைத் தொட்டதும் வள்ளி அவருடைய பேஜர் மாட்யூலைக் கூப்பிட்டிருக்கிறாள். செய்தியில் சரியான சூட்டையும் சேர்த்துச் சொல்வோமே என்று அந்த மாட்யூல் நாகமணியைக் கேட்டிருக்கிறது. ஏப்ரலிலிருந்து கோடை முழுக்கத் தொட்டி காலி. சூடு எல்லையைத் தொட்டது இன்று காலைதான், முதல்முறையாக. வெங்கட் சார் கைக்குட்டையை அவிழ்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கார்லாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லி எழுந்தார். முதலில் சரிபண்ணுவோம் சார், சொல்வதை அப்புறம் சேர்ந்தே சொல்வோம் என்று உட்கார வைத்தேன்.

இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். வள்ளி யாரைக் கூப்பிட வேண்டும் என்று குறித்திருக்கிற இடத்தில் சைபர் போட்டு, தரகரை முதலில் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நிமிஷமே மறுபடி மாட்டிக்கொள்வாள். அதன் பிறகு காடைசாவியின் இடத்தில் ஒன்று என்று எழுத வேண்டும், அதாவது சாவி ஆணியில்தான் தொங்குகிறது என்று நாகமணிக்குக் காட்ட வேண்டும். ஓடுகிற ப்ரோக்ராமின் ஞாபகத்தில் நேரடியாக எழுதுவது. ஓர் எழுத்து தப்பினால் மொத்தமும் விழுந்துவிடும், எல்லாக் குழாய்களும் மூடிக்கொள்ளும், அத்தனை தொட்டியும் போய்விடும்.

கார்லா ஈரக் கையோடு வந்து தடுப்பறை வாசலில் நின்றார். ஐஸ் தீர்ந்துவிட்டது என்றார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டு அந்த லேபிள் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் விரல்களோ அந்த நேரத்தில் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தன. திரையில் எண்கள் கும்மி அடித்தன. முகவரியை வெங்கட் சார் உரக்கப் படித்தார், நான் அடித்தேன். அடித்ததை நான் உரக்கப் படித்தேன், அவர் சரிபார்த்தார். எழுத்துக்கு எழுத்து, சமஸ்கிருதப் பாடசாலை மாதிரி. சைபர் போட்டாயிற்று. சாவியின் இடத்தில் ஒன்று போட்டாயிற்று. ஓடு என்று சொல்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தபோது, வேடிக்கையாக, எனக்கு அந்தத் தொட்டிகூட முதலில் ஞாபகம் வரவில்லை. காலையிலிருந்து வாசலிலேயே நிற்கிறாளே நாகமணி, கால் வலிக்காதா என்றுதான் தோன்றியது. அழுத்தினேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் திரையில் சூடு காட்டும் எண் துடித்து மாறியது. கொட்டகைக்குள் எங்கேயோ டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கிட்டுசாமி திறந்துவிட்டார். குழாய்க்குள் தண்ணீர் பாய்கிற இரைச்சல், மாட்டுத் தொட்டியில் மோட்டார் போட்டுவிட்ட மாதிரி, கொட்டகை முழுக்க நிறைந்தது.

கார்லா தொட்டிக்கு ஓடினார், அதைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார், அது கைக்கு அடங்கவில்லை, திரும்பி வந்து வெங்கட் சாரைக் கட்டிக்கொண்டார். அவர் பெருமாள் கோயில் கொடிமரம் மாதிரி நட்டுக்க நின்றார். நின்றபடியே, உங்கள் பேஜரால்தான் இத்தனையும் ஆயிற்று, எழுதினது நான் என்று கார்லாவின் தோளுக்கு மேலாகவே சொல்லிவிட்டார். கார்லா கேட்டுவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஒரு சொட்டுக்கூட யாரும் குடிக்கவில்லை, சாமி சத்தியம்.

டிபக்கரை இனி அறுவடை முடிகிறவரைக்கும் மூட முடியாது. யாரும் தொட்டுவிடாமல் இருக்கக் கார்லா ஒரு திராட்சைக் கூடையைக் கொண்டுவந்து கீபோர்டின் மேல் கவிழ்த்தார். தொட்டியின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குவதைப் பார்ப்பதுபோல மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. கார்லா எடுத்துப் பேசிவிட்டு, புருவத்தை உயர்த்தி, ரிசீவரை என் பக்கம் நீட்டினார். பழைய முதலாளி செய்தியைக் கேட்டுவிட்டு ஆளைப் பிடித்துவிட்டாராம். டெக்ஸாஸிலிருந்து, மணி.

நான் துப்பட்டாவைச் சரிசெய்தேன். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். ஃபோனில் என்ன தெரியப் போகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. குரலைக் கொஞ்சம் இனிப்பாக்கிக்கொண்டு ஹலோ என்றேன்.

"ஏனுங்க, சாந்தாமணி பேசறனுங்க. ப்ரோக்ராம் நின்னு போச்சுன்னு சொன்னாங்களே, நீங்க யாருங்க பேசறது?"

அளவான மீசை, ஈரோட்டு நிறம், குறும்பு எல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிப் போயிற்று. பெண் இப்படி எழுதுவாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானே பெண், நானே எழுதுகிறவள். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தேன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வெங்கட் சார் தரகு பண்ணின கட்டத்தில் அந்தப் பக்கம் அக்கா மூச்சுத் திணறச் சிரித்தார். சிரித்து முடித்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், எந்தக் கூட்டம் என்று. காடை என்றேன்.

"நானும் காடைதான் அம்மிணி."

அப்படியானால் அக்கா முறை என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். முதலில் ஆந்தை ஓடுவதைப் பார்த்து ஆந்தைக் கூட்டத்துப் பையன் என்று நினைத்த கதையையும் உளறினேன். மாப்பிள்ளை பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். வாசனை அவ்வளவு ஒன்றும் ஏறவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் காடைதான்" என்றார் அவர்.

ஒரே கூட்டத்தில் கட்டிக்கொண்டவர்களைப் பற்றி எங்கள் ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பேசி முடித்ததும் அவர்கள் பெயரைப் பிறகு யாரும் எடுப்பதில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது.

நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சாதாரணமாகத்தான் சொன்னார். "அதனாலதான் அப்படி எழுதினேன். மத்த ரூலெல்லாம் மறந்து போகும் அம்மிணி, இது எனக்கு மறக்குமா? உள்ளயே இருந்துட்டு சாவி கேட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாததா?"

"அப்ப வேலுமணிங்கறது..."

"எங்கண்ணன். கதவைச் சாத்தறதுல கெட்டிக்காரன்." சிரித்தார். இந்தச் சிரிப்பு கொஞ்சம் சின்னதாக இருந்தது. "நாகமணி பெரியக்கா. கிட்டுசாமி சித்தப்பா. வள்ளி எனக்குச் சின்னவ. அவங்க பேரையெல்லாம் தினமும் யாராச்சும் கூப்பிடோணுமில்ல. என்னால முடியல, மெஷினாவது கூப்பிடட்டும்னு போட்டு வச்சேன்."

பேஜருக்குப் போகிற செய்தியை எப்படி முறையாகக் கோக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தூரன் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லு அம்மிணி, உங்க ஐயர் சார்கிட்டச் சொல்லு, வெளிச் சம்பந்தம்தான் நல்லது என்றார். பிறகு வேலைப் பேச்சு தீர்ந்து போயிற்று. ஆனாலும் அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"நாகமணி பாக்கறாளா இப்ப?" என்று கேட்டார்.

திரையைப் பார்த்தேன். கவிழ்த்த கூடைக்கு மேலே, சூட்டின் எண் துடித்து மாறிக்கொண்டிருந்தது. "பாத்துட்டேதானுங்க இருக்காங்க."

"சித்தப்பா திறந்துட்டாருல்ல? தண்ணி ஓடுற சத்தம் கேக்குமே."

நான் எழுந்தேன். ஃபோனின் சுருட்டை ஒயர் நீண்டுகொண்டே வந்தது, மேஜையிலிருந்த லேபிள் கட்டு ஒன்றைத் தட்டிவிட்டது, தடுப்பறை வாசல் வரைக்கும் போயிற்று, அதற்கு மேல் வரவில்லை. நான் கையை முடிந்த மட்டும் நீட்டி, ரிசீவரைப் பெரிய தொட்டியின் பக்கம் பிடித்தேன். குழாயில் தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

வெங்கட் சார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஃபோனை ஏன் தொட்டிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரது என்று கண்ணாலேயே கேட்டார்.

"எங்க கூட்டமுங்க சார்," என்றேன். "எங்கக்கா."

கை வலித்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.